லைட் என்ன நிறத்தில் எரிகிறது?

1

போன வாரம் அலுவலகத்தில் எனக்கு ஒரு பூங்கொத்து கொடுத்தார்கள். இந்த வேலையில் சேர்ந்து ஐந்து வருடம் முடிந்ததற்காக. ஜெர்மனிக்கு வந்து பத்து வருடம் முடிந்ததும் இதே மாதம்தான். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஊரில் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால் "போன்ல பேசுறது" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். உண்மையும் அதுதான். கம்பியே இல்லாமல் இன்டர்நெட் தரும் கட்டைவிரல் நீளக் கருவி ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் செருக வேண்டும். ஊரில் இதை நெட் கார்டு என்கிறார்கள். இங்கே வெறுமனே குச்சி. அது வேலை செய்யாதபோது ஜனங்கள் கோபத்தோடு ஒரு எண்ணுக்கு அழைப்பார்கள். அந்த எண்ணின் மறுமுனையில், டோர்ட்முண்ட் நகரத்தில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களில் நானும் ஒருத்தி.

பூங்கொத்து கொடுத்த மேலாளர், "இத்தனை வருடத்தில் உனக்கு அதிகச் சிரமம் கொடுத்த வாடிக்கையாளர் யார்?" என்று கேட்டார். நான் வழக்கமாகச் சொல்லும் கதையைச் சொன்னேன். வேலைக்கு வந்த புதிது. ஒரு வயதானவர் அழைத்தார். "குச்சியை வெளியே இழுங்கள்" என்று சொல்ல வேண்டும். ஜெர்மன் மொழியில் அதற்கும் "உடுப்பைக் கழற்றுங்கள்" என்பதற்கும் ஒன்றிரண்டு எழுத்துத்தான் வித்தியாசம். நான் இரண்டாவதைச் சொல்லிவிட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "முழுவதுமா, மேடம்? இங்கே கொஞ்சம் குளிராக இருக்கிறது" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். கேக் வெட்டினோம்.

ஆனால் நான் சொன்னது சரியான பதில் இல்லை. எனக்கு அதிகச் சிரமம் கொடுத்தவர் எங்கள் கம்பெனி வாடிக்கையாளரே அல்ல. ராமநாதபுரம் பக்கம், ஆர்.எஸ். மங்கலத்திலிருந்து உள்ளே ஏழு கிலோமீட்டர் தள்ளி மிளகாய் போட்டுக்கொண்டிருக்கும் என் அண்ணன் முருகேசன்.

2

என் பெயர் தனலட்சுமி. வீட்டில் தனம். இங்கே அந்தப் பெயரை யாரும் கூப்பிடுவதில்லை. வந்த முதல் மாதம் பதிவு அலுவலகத்தில் "குடும்பப் பெயர்?" என்று கேட்டார்கள். அப்படி ஒன்று எங்களுக்கு இல்லை என்று அரை மணி நேரம் விளக்கினேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பாஸ்போர்ட்டில் இருந்த அய்யாவின் பெயரைக் கட்டத்தில் எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து நான் திருமதி காளிமுத்து. பல் டாக்டரும் தபால்காரரும் மகளின் டீச்சரும் என்னை அய்யாவின் பெயரால்தான் அழைக்கிறார்கள். இங்கே போன் எடுத்தால் 'ஹலோ' சொல்வதில்லை. குடும்பப் பெயரைச் சொல்ல வேண்டும். பழகிவிட்டது. வீட்டுப் போனை எடுத்தாலும் வாய் தானாக "காளிமுத்து" என்று சொல்லிவிடும்.

அய்யா இறந்தது 2003-ல். களத்தில் மிளகாய் அள்ளிக்கொண்டிருந்தவர் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. செய்தி வந்தபோது என் கணவர் ரவிக்கு வேலை மாறியிருந்தது. எங்கள் விசா புதுப்பிப்பில் கிடந்தது. மகள் கயலுக்கு ஐந்து வயது. வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு ஓடினேன். கவுன்டரில் இருந்தவர் என் முகத்தைப் பார்க்காமல், ஆனால் மரியாதையாகச் சொன்னார்: "நீங்கள் போகலாம். திரும்பி வர விடுவார்களா என்பதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது."

ஜெர்மன் மொழியில் 'முடியும்' என்பதற்கு இரண்டு சொல் உண்டு. உடம்பில் தெம்பிருப்பதால் முடிவது ஒன்று. யாரோ அனுமதிப்பதால் முடிவது இன்னொன்று. வகுப்பில் இரண்டையும் மாற்றிச் சொன்னால் ஆசிரியை சிவப்பு மையால் வட்டம் போடுவார். தமிழில் எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அன்று அண்ணனுக்குப் போன் செய்து, "வர முடியலண்ணே" என்று சொன்னேன்.

"பேப்பர் இல்லைன்னா பெத்த தகப்பனப் பாக்க வரக்கூடாதாமா?" என்று கேட்டார். பிறகு போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஆறு வருடம் என்னோடு பேசவில்லை.

3

பேசாமல் இருப்பதில் எங்கள் வீட்டு ஆட்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. நான் ஊருக்குப் போன போதெல்லாம் ரயிலடிக்கு வண்டி வந்தது. பெட்டியைத் தூக்கி வைத்தவர் அண்ணன்தான். சாப்பிடும்போது கருவாட்டுத் தட்டு என் பக்கம் நகரும். நகர்த்தியது அவர் கை. பேச்சு மட்டும் இல்லை.

இந்த வருடம் மார்ச்சில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. நான் உடனே போனேன். இந்த முறை என் பேப்பரெல்லாம் சரியாக இருந்தது. ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் அண்ணனும் நானும் ஒரே கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றோம். நடுவில் அண்ணன் மனைவி செல்வி மதினி.

"டாக்டர் எட்டு மணிக்கு வாராராம். அவகிட்ட சொல்லு" என்பார் அண்ணன், இரண்டடி தூரத்தில் நான் நிற்கும்போதே.

"கேட்டுச்சுல்ல?" என்று மதினி என்னைப் பார்ப்பாள்.

"கேட்டுச்சுன்னு சொல்லுங்க மதினி" என்பேன் நான்.

மதினிக்கு ஒரு நாள் பொறுமை போய்விட்டது. "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தந்தி ஆபீசா?" என்று சொல்லிவிட்டுக் காபி வாங்கப் போய்விட்டாள். அவள் திரும்பி வரும்வரை நாங்கள் இருவரும் அம்மாவின் சலைன் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

டோர்ட்முண்ட் திரும்பிய பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வேன். மதினி போனை அம்மாவின் காதில் வைப்பாள். நான் பேசுவேன். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்கும். எனக்கு எதுவும் பேச வராமல், அன்றைக்கு என்ன சமைத்தேன் என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

மே மாதத்தில் மதினி தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னாள். "நீ போனை வச்சதுக்கப்புறம் அத்தை அந்தப் போனைத் திருப்பித் திருப்பிப் பாக்குதும்மா. பின்னாடி தட்டிப் பாக்குது. உள்ளுக்குள்ள எங்கன இருக்கன்னு தேடுது போல. அப்புறம் அழுகுது. போன் வேணாமோன்னு தோணுது."

நான் அந்த ஞாயிறுக்குப் பிறகு அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டேன்.

4

அண்ணன் ராமநாதபுரத்துக்குப் போய்ப் பழைய லேப்டாப் ஒன்றும் நெட் கார்டு ஒன்றும் வாங்கி வந்த செய்தியை மதினிதான் சொன்னாள். "காதுல கேட்டா அழுகுது, கண்ணுல பாத்தா அழுகாதுல்ல" என்றாராம். கடையில் நன்றாக வேலை செய்த கார்டு வீட்டுக்கு வந்ததும் செத்துவிட்டது. இரண்டு முறை பஸ் ஏறிப் போய்க் காட்டினார். கடையில் செருகியதும் உயிர் வந்தது. கடைக்காரர், "ஒங்க ஊருக்கெல்லாம் டவர் எடுக்காதுண்ணே, திருப்பிக் குடுத்துருங்க" என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் திருப்பிக் கொடுக்கவில்லை.

"ஒங்க தங்கச்சி பாக்குற வேலையே இதுதான, அதுகிட்டக் கேளுங்கன்னேன். நீ கேளுங்கிறாரு" என்றாள் மதினி.

"சரி மதினி. லைட் என்ன நிறத்தில எரியுது?"

"எரியுதும்மா."

"சிவப்பா, பச்சையா?"

"அது... அணைஞ்சு போச்சு. இரு, அத்தை கூப்பிடுது."

அன்று அவ்வளவுதான் முடிந்தது.

மறுநாள் ஞாயிறு. மதியம் பன்னிரண்டு மணி, ஊரில் மூன்றரை. அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. போன் அடித்ததும் ஈரக் கையோடு எடுத்து, "காளிமுத்து" என்றேன்.

யாரோ மூச்சு விடுவது கேட்டது. அம்மா என்று நினைத்து, "அம்மா?" என்றேன்.

"இல்ல" என்றது அண்ணனின் குரல்.

ஆறு வருடம் கழித்து எனக்குப் போன் செய்த மனிதருக்கு அய்யாவின் பெயரைத்தான் முதலில் கேட்க நேர்ந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்குத் தெரிந்த ஒரே வழியில் ஆரம்பித்தேன்.

"லைட் என்ன நிறத்தில எரியுது?"

"செகப்பு."

"அசையாம எரியுதா, விட்டு விட்டா?"

"அசையாம."

"அப்படின்னா கார்டு நல்லாருக்கு. டவரைத் தேடுது, கிடைக்கல. இப்ப எந்த ரூம்ல இருக்கு?"

"அம்மா ரூம்ல."

அது வீட்டின் நடுவில் இருக்கும் அறை. மூன்று பக்கமும் சுவர், ஒரு பக்கம் இரும்பு பீரோ. "லேப்டாப்பைக் கையில எடுத்துக்கிட்டு ஒவ்வொரு எடமா நின்னு லைட்டைப் பாத்துச் சொல்லுங்க" என்றேன். வேலையில் தினமும் சொல்வதுதான். இங்கே ஜனங்கள் ஜன்னலோரம் போவார்கள், பால்கனிக்குப் போவார்கள், சலித்துக்கொள்வார்கள். அண்ணன் ஒரு வார்த்தை சொல்லாமல் நடந்தார். காதில் செல்போன், கையில் லேப்டாப். செல்போன் வேறு கம்பெனி என்பதால் பேச்சு அறுபடவில்லை. அவர் எங்கே நிற்கிறார் என்று அவர் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. மதினி பாத்திரம் தேய்க்கும் சத்தம்; அடுப்படி. கன்றுக்குட்டியின் மணி, கொட்டகை. பக்கத்து வீட்டு டிவி, வாசல்.

"இங்கனயும் செகப்புதான்."

"மாடிக்குப் போங்க."

செருப்பில்லாத காலால் வெயிலில் படி ஏறும் வேகமான சத்தம் கேட்டது. மேலே காற்று போனில் இரைந்தது.

"பச்ச" என்றார் அண்ணன். அவர் குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "பச்ச எரியுது."

5

பச்சை எரிந்தது, இணைப்பும் கிடைத்தது. ஆனால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அறுந்தது. திரையில் என்னென்ன தெரிகிறது என்று எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொன்னேன். அண்ணன் எட்டாம் வகுப்பு இங்கிலீஷில் ஒவ்வொன்றாகப் படித்தார். அதில் வேறொரு கம்பெனியின் பெயர் வந்தது. லேப்டாப்பை முன்னால் வைத்திருந்தவர் வேறு கார்டு போட்டிருக்கிறார். அந்த மென்பொருள் உள்ளேயே இருந்துகொண்டு புதியதோடு மல்லுக்கட்டுகிறது. பழையதை நீக்கி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, புதியதைத் திரும்ப ஏற்ற வேண்டும்.

"எம்புட்டு நேரமாகும்?"

"பத்து நிமிஷம். ஒரு கோடு வரும், அது நெறையணும்."

"பேட்டரி பாதிக்குக் கீழ போயிருச்சு. நாலு மணிக்குக் கரண்ட்டு போயிரும்."

"போதும்."

கோடு நிறைய ஆரம்பித்தது. எங்கள் வேலையில் ஒரு விதி இருக்கிறது. வாடிக்கையாளரை மௌனத்தில் காக்க வைக்கக் கூடாது. ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். வானிலை நல்ல விஷயம் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஊரில் வெயிலா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

"அய்யா செத்தப்ப நான் வந்திருக்கலாம்ணே. போகாதன்னு யாரும் சொல்லல. போனாத் திரும்பி வர விடுறது நிச்சயமில்லன்னாங்க. கயலும் அவரும் இங்க இருந்தாங்க. நான் யோசிச்சுத்தான் இருந்துட்டேன். ஒங்ககிட்ட வர முடியலன்னு சொன்னேன்."

"முப்பது" என்றார் அண்ணன். கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த எண்ணைப் படிக்கிறார் என்று புரிந்தது. "முப்பத்தஞ்சு."

அடுப்பை அணைத்தேன். சோறு அடிப்பிடித்த வாசனை வந்தது. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். அறுபது என்றார். எண்பது என்றார்.

"நூறு. முடிஞ்சுருச்சு."

"சரிண்ணே. இப்ப கார்டை வெளிய இழுத்துட்டு..."

"அது எனக்குத் தெரியும்" என்றார்.

கார்டைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"அப்பவே பரமக்குடியில ஒரு டிராவல்ஸ்காரன்ட்டக் கேட்டேன். எந்நேரமும் வரலாம், திரும்பப் போறதுதான் பிரச்சினைன்னான். வர முடியலன்னுதான என்ட்டச் சொன்ன? வரலன்னு சொல்லியிருக்கலாம்ல. புள்ளைய விட்டுட்டு எப்படிண்ணே வாரதுன்னு கேட்டிருந்தா, வராதத்தான்னு நானே சொல்லியிருப்பேன்."

எங்கள் பக்கத்தில் தங்கையை 'ஆத்தா' என்று அழைப்பது வழக்கம். நான் அதைக் கடைசியாகக் கேட்டது எப்போது என்று நினைவில்லை. கணவர் சமையலறை வாசலில் வந்து நின்று, என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

"தப்புதாண்ணே" என்றேன்.

"சரி விடு. இழுத்தாச்சு. அடுத்து என்ன செய்யணும்?"

6

இணைப்பு நிலைத்து நின்றது. ஐந்து நிமிடம் ஆகியும் அறுபடவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் வேலைப் புத்தி வந்துவிட்டது. "நாளைக்கு ராமநாதபுரம் போனா அஞ்சு மீட்டர்ல யூஎஸ்பி வயர் கிடைக்கும். கார்டை மேல கட்டிட்டு, லேப்டாப்பைக் கீழ அம்மாகிட்ட வச்சுக்கிரலாம். அடுத்த ஞாயித்துக்கிழம..."

"எதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழம?" என்றார். மாடிக்கு ஏறி வந்திருந்த மதினியிடம் போனைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

"என்ன செய்யப் போறாரு மதினி?"

"தூக்கிட்டு வாராரும்மா" என்றாள் மதினி.

பதினெட்டுப் படி. அம்மா அப்போது ஒரு சாக்கு மிளகாய் கனம்கூட இல்லை. ஆனாலும் ஒரு பக்கம் தொங்கும் உடம்பைத் தூக்குவது எவ்வளவு கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். என் கம்ப்யூட்டரில் வீடியோ அழைப்பைப் போட்டேன்; திரையில் ஊரின் வெள்ளை வானம் மட்டும் தெரிந்தது. படம் விட்டு விட்டு நகர்ந்தது. பேச்சையும் படத்தையும் சேர்த்து அனுப்ப அந்த இணைப்புக்குத் தெம்பில்லை. சத்தத்தை நிறுத்தச் சொன்னேன். பேச்சுக்குச் செல்போன், பார்ப்பதற்கு லேப்டாப் என்று பிரித்ததும் படம் கொஞ்சம் தெளிந்தது. வெயில் திரையில் விழாமல் இருக்க மதினி தன் சேலை ஒன்றைக் கொடிக் கம்பியில் தொங்கவிட்டாள்.

முதலில் அண்ணனின் தாடை வந்தது. நரை விழுந்திருந்தது. பிறகு அவர் மார்பில் சாய்ந்தபடி அம்மா.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. லேப்டாப்பின் பின்னால் எட்டிப் பார்க்க முயன்றாள். அண்ணன் அவள் முகத்தை மெல்லத் திருப்பி, "இங்கன பாரும்மா. தனம்" என்றார். அம்மா பார்த்தாள். இடது கையைத் தூக்கித் திரையில் என் நெற்றி இருந்த இடத்தில் வைத்தாள். பொட்டு வைக்காததைத்தான் சொல்கிறாள் என்று எனக்கும் புரிந்தது, அண்ணனுக்கும் புரிந்தது. அவர் சிரிப்பது போனில் கேட்டது. நான் ஓடிப் போய் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக்கொண்டு வந்தேன். அம்மா அழவில்லை.

கயலைக் கூப்பிட்டேன். பதினொரு வயதாகிறது. தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்கிற பிள்ளை. அவள் பெயரை இங்கே எழுதினால் கண் மை என்று அர்த்தம் வரும்படி வாசிக்கிறார்கள். அதில் அவளுக்கு என்மேல் ஒரு நிரந்தரக் குறை. போனில் அம்மாச்சியிடம் பேசச் சொன்னால் எப்போதும் குளியலறைக்குள் போய்விடுவாள். தப்பாகப் பேசினால் எல்லோரும் சிரிக்கிறார்கள் என்பாள். சிரித்ததும் உண்மைதான்.

அன்று வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள். "அம்மாச்சி இப்போது பேச மாட்டார்களா?" என்று ஜெர்மனில் கேட்டாள்.

"மாட்டாங்க. ஆ, ஊன்னு பழக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருக்காரு. யார் சொன்னாலும் செய்ய மாட்டேங்கிறாங்க."

கயல் என் நாற்காலியில் பாதியை எடுத்துக்கொண்டாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அவள் போனது மூன்றே மாதம். அங்கே அவள் உருப்படியாகக் கற்றது உயிரெழுத்து மட்டும். கேமராவுக்கு நேராக வாயைப் பெரிதாகத் திறந்து "ஆ" என்றாள். உதட்டைக் குவித்து "ஊ" என்றாள்.

அம்மா கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள். பிறகு வாயின் ஒரு பக்கம் மட்டும் திறந்தது. மதினி போனைப் பக்கத்தில் கொண்டுபோனாள். தேய்ந்துபோன ஒரு "ஆ" எங்கள் வீட்டு அறையில் கேட்டது.

'ஈ'க்கு வரும்போது பேட்டரி தீர்ந்துவிட்டது.

7

இப்போது கார்டு மொட்டை மாடியில், உபயோகமில்லாமல் நின்ற டிவி ஆன்டெனாக் குழாயில், மழை படாமல் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இருக்கிறது. வயர் தளத்தில் போட்ட சின்ன ஓட்டை வழியாக அம்மாவின் அறைக்கு இறங்குகிறது. ஞாயிறுதோறும் வகுப்பு நடக்கிறது. கயல்தான் டீச்சர். உயிரெழுத்து முடிந்து, அடுத்து என்ன எழுத்து என்று என்னிடம் வந்து கேட்டபோது எனக்குள் எவ்வளவு பெருமை என்பதைக் காட்டிக்கொள்ளாமல் சொல்லிக்கொடுத்தேன். அம்மாவுக்கு இப்போது பத்துப் பன்னிரண்டு சொல் வருகிறது. அதில் இரண்டு ஜெர்மன். மதினி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

அண்ணனுக்கு ஊரில் 'நெட் கார்டு முருகேசன்' என்று வேறொரு பெயர் வந்துவிட்டது. மகன்களை சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் அனுப்பிவிட்டுக் கார்டு வாங்கி வைத்திருப்பவர்கள் உப்பூரிலிருந்தும் தேவிபட்டினத்திலிருந்தும் அவருக்குப் போன் செய்கிறார்கள். ஒரு நாள் நான் மறுமுனையில் காத்திருக்கும்போது அவர் இன்னொரு போனில் யாரிடமோ, "லைட்டு என்ன கலர்ல எரியுது? அசையாமயா, விட்டு விட்டா? பதறாம வீட்டச் சுத்தி நடங்க" என்று சொல்வதைக் கேட்டேன். எங்கள் மேலாளர் கேட்டால் வேலைக்கு எடுத்துக்கொள்வார்.

பூங்கொத்து கொடுத்ததற்கு மறுநாள், ஒரு செவ்வாய்க்கிழமை, மதிய இடைவேளையில் என் செல்போன் அடித்தது. அண்ணன். ஞாயிறு தவிர வேறு நாளில் அவர் கூப்பிட்டதே இல்லை. கையில் இருந்த ரொட்டியை வைத்துவிட்டுப் படிக்கட்டுக்கு ஓடினேன்.

"என்னண்ணே? அம்மாவுக்கு என்ன?"

"அம்மாவுக்கென்ன, நல்லாருக்கு. தூங்குது."

"நெட் எடுக்கலையா? மழையில டப்பாக்குள்ள தண்ணி எறங்கிருச்சா?"

"அதெல்லாம் பச்சையாத்தான் எரியுது."

"பின்ன என்னண்ணே?"

"ஒண்ணுமில்லத்தா" என்றார். "மழ விடாமப் பேயுது. வெளிய போக முடியல. சும்மா ஒக்காந்திருந்தேன், அதான் கூப்பிட்டேன். ஒனக்கு வேல கெடக்கோ?"

"இல்லண்ணே" என்றேன், படியில் உட்கார்ந்துகொண்டு. "சொல்லுங்க. கண்மாய்ல எவ்வளவு தண்ணி ஏறியிருக்கு?"